கூரைக்கும் ஒரு கணக்கு வேண்டும்

சென்ற இதழில், பாடம் ஏறாத பிள்ளையை 'மக்கு' என்று ஊர் முழுக்கச் சொல்லித் திரியும் பழக்கத்தைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை பிள்ளைகளைச் சற்று விட்டுவிட்டு, அவர்கள் தலைக்கு மேலே இருக்கும் கூரையைப் பற்றிப் பேசலாம் என்று இருக்கிறேன். கூரையில் பேச என்ன இருக்கிறது என்று ஒதுக்கிவிடாதீர்கள். தமிழ்ப்பள்ளியின் மீது நமக்கு எவ்வளவு அக்கறை என்பதை மேடையில் நின்று தெரிந்துகொள்ள முடியாது. மாலை மழை பிடித்துக்கொள்ளும்போது வகுப்பறைக்குள் நின்று பார்த்தால் தெரியும்.

நான் வேலை பார்ப்பது கிள்ளான் பக்கத்தில் ஒரு பள்ளி. பள்ளியின் பெயரில் இன்னும் 'தோட்டம்' இருக்கிறது, தோட்டம்தான் இல்லை. கித்தாக் காடு செம்பனையாயிற்று. செம்பனை அழிந்து வீடமைப்புத் திட்டமாயிற்று. பெரட்டுக் களம் இருந்த இடத்தில் இன்று கடைவீடுகள் நிற்கின்றன. எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் அடுக்குமாடி வீடுகளிலிருந்து வருகிறார்கள். மீதிப் பேர் இன்னும் உள்ளே இருக்கும் தோட்டங்களிலிருந்து பேருந்தில் வருகிறார்கள்.

2025-ஆம் ஆண்டுப் பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொதுக்கூட்டத்தில் 'கட்டடப் பராமரிப்பு' என்ற விஷயம் வந்தது. குடும்பத்துக்கு மாதம் 2 வெள்ளி கொடுக்கலாமா என்று தலைவர் கேட்டார். பின்வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. பிப்ரவரியில ஒரு தடவ, ஆகஸ்ட்டுல ஒரு தடவன்னு வீட்டு வரி கட்டிக்கிட்டுத்தான் இருக்கோம். இந்த வருசத்துலருந்து அதையும் ஏத்திட்டாங்க. அதுல பள்ளிக்கூடத்துக்கு ஒரு காசும் கெடையாதா? இங்க வேற எதுக்குக் கட்டணும்?"

மண்டபத்தில் சத்தம் இல்லை. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குப் பதில் தெரியவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் பாடம் நடத்தியவன், ஒரு தாயின் நியாயமான கேள்விக்கு விழித்துக்கொண்டு நின்றேன். அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன்.

நாம் 'வீட்டு வரி' என்று சொல்லும் மதிப்பீட்டு வரியை 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி நகராண்மைக் கழகங்கள் வசூலிக்கின்றன. நம் வீட்டை வாடகைக்கு விட்டால் ஓராண்டில் என்ன கிடைக்கும் என்று மதிப்பிட்டு, அதில் நூற்றுக்கு இவ்வளவு என்று வரி போடுகிறார்கள். ஐந்தாண்டுக்கு ஒரு முறை மறுமதிப்பீடு செய்ய வேண்டும் என்பது சட்டம். மாநில அரசு அந்தக் காலத்தை நீட்டலாம் என்பதும் சட்டம். அப்படி நீட்டி நீட்டி வைத்திருந்து, ஒருநாள் திடீரென்று மதிப்பை ஏற்றும்போதுதான் மக்கள் பதறிப்போகிறார்கள். 2013-ஆம் ஆண்டு இறுதியில் கோலாலம்பூரில் அப்படித்தான் நடந்தது. பிரிக்பீல்ட்ஸ், செந்தூல் வட்டாரத்துப் பழைய வீட்டுக்காரர்களுக்கும் நோட்டீஸ் வந்தது. ஆட்சேபங்கள் குவிந்த பிறகு வரி விகிதத்தைக் குறைத்தார்கள். சிலாங்கூரில் 2025 ஜனவரியிலிருந்து வரி உயர்ந்தது நமக்குத் தெரிந்ததே.

இந்தப் பணம் எங்கே போகிறது? குப்பை வண்டிக்கு, சாக்கடைக்கு, தெருவிளக்குக்கு, விளையாட்டுத் திடலுக்கு. பள்ளிக்கூடக் கட்டடம் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பில் இல்லை. கல்வி நம் நாட்டில் மத்திய அரசின் காரியம். 1956-இல் ரசாக் அறிக்கை வந்தபோது, தொடக்கப்பள்ளிகளை உள்ளூர்க் கல்விக் குழுக்களின் பொறுப்பில் விடலாம் என்ற யோசனை அதில் இருந்தது. அந்த யோசனை நிலைக்கவில்லை. ஆகவே அந்தத் தாய்க்குரிய நேரான பதில் இதுதான்: "இல்லையம்மா, வீட்டு வரியில் பள்ளிக் கூரைக்குப் பங்கு இல்லை."

மற்ற இடங்களில் எப்படி?

தமிழ்நாட்டில் 1920-ஆம் ஆண்டுத் தொடக்கக் கல்விச் சட்டம் கல்வி வரி போட வழி செய்தது. சென்னை மாநகராட்சியின் சொத்து வரிக்குள்ளேயே கல்வி வரி என்று ஒரு பகுதியை வைத்து நெடுங்காலம் வசூலித்து வந்தார்கள். வீடு உள்ளவர் கொடுப்பதில் ஒரு துளி பள்ளிக்கு என்பது ஏற்பாடு.

அமெரிக்காவில் பல மாநிலங்களில் பள்ளிச் செலவில் பெரும்பங்கு சொத்து வரியிலிருந்தே வருகிறது. அங்கே வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு வழக்கம் உண்டு. பள்ளிக் கட்டடச் செலவுக்கென்று போடும் சொத்து வரி அதிகம் போனால் 6 ஆண்டுகளுக்குத்தான். அதற்குப் பிறகு அது தானே செத்துவிடும். வேண்டுமென்றால் ஊர் மக்களிடம் மறுபடியும் போய், போன பணத்தில் என்ன செய்தோம், இனி என்ன செய்யப் போகிறோம் என்று சொல்லி, வாக்கு வாங்க வேண்டும். 'ஒரு முறை கொடுத்தீர்கள், ஆகவே காலமெல்லாம் கொடுங்கள்' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை.

நம்மால் அப்படி வாக்களிக்க முடியுமா? முடியாது. நம் நாட்டில் ஊராட்சித் தேர்தல்கள் 1965-இல் நிறுத்தி வைக்கப்பட்டன. செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையிலான அரச விசாரணைக் குழு, தேர்தலைத் திரும்பக் கொண்டுவரலாம் என்றே பரிந்துரைத்தது. ஆனால் 1976-ஆம் ஆண்டுச் சட்டம் நியமன உறுப்பினர்களையே நிலைநிறுத்திவிட்டது.

இதைப் படித்துவிட்டு, 'ஆகா, சொத்து வரியைப் பள்ளிக்குத் திருப்பிவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்று நானும் முதலில் நினைத்தேன். பிறகு டெக்சாஸ் மாநிலத்தில் சான் அந்தோனியோ நகரத்துக் கதையைப் படித்தேன். அங்கே எட்ஜ்வுட் என்பது ஏழைகள் வாழும் வட்டாரம். 1968-இல் பாழடைந்த பள்ளிக் கட்டடங்களைச் சகிக்க முடியாமல் மாணவர்களே வகுப்பை விட்டு வெளியேறினார்கள். தகட்டுத் தொழிலாளியான டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்பவரும் மற்றப் பெற்றோர்களும் வழக்குப் போட்டார்கள். வழக்கில் வெளிவந்த கணக்கைப் பாருங்கள். எட்ஜ்வுட் மக்கள் 100 டாலர் சொத்து மதிப்புக்கு 1 டாலர் 5 காசு வரி கட்டினார்கள். பக்கத்துப் பணக்கார வட்டாரமான அலமோ ஹைட்ஸ் மக்கள் 85 காசுதான் கட்டினார்கள். ஆனால் எட்ஜ்வுட்டில் அந்த வரியால் ஒரு மாணவருக்குக் கிடைத்தது 26 டாலர். அலமோ ஹைட்ஸில் கிடைத்ததோ 333 டாலர்! கூடுதல் விகிதத்தில் கட்டியவன் பிள்ளைக்குக் குறைவு, குறைந்த விகிதத்தில் கட்டியவன் பிள்ளைக்கு அதிகம். ஏனென்றால் ஏழையின் வீட்டுக்கு மதிப்பு இல்லை. 1973-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தப் பெற்றோர்கள் தோற்றார்கள்.

வாசகர்களே, இதில் நமக்குப் பாடம் இருக்கிறது. நம் பிள்ளைகளின் பள்ளி நம் வீட்டு மதிப்பை மட்டும் நம்பியிருந்தால், லயத்து வீட்டுக்காரன் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்? லயம் அவனுக்குச் சொந்தமே இல்லையே! ஆகவே பெரும் பொறுப்பு அரசாங்கத்தின் கையில் இருப்பதுதான் நமக்கு நல்லது. அதைக் கேட்கும் குரலை நாம் ஒருநாளும் தாழ்த்தக் கூடாது.

அப்படியானால் எங்கே இடறுகிறது? நம் பள்ளிகளின் பிறப்பிலேயே ஒரு முடிச்சு இருக்கிறது. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்று ஏற்பட்டது. தோட்ட முதலாளிகள் தொழிலாளர் கணக்கில் பணம் கட்டினார்கள். எதற்கு? கப்பல் செலவு கொடுத்து ஆள் கொண்டுவருவதற்கு! பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரை, 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்குக் குறையாமல் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வைக்க வேண்டும் என்றது. பல தோட்டங்களில் ஒரு கொட்டகையும் ஒரு வாத்தியாரும் வந்ததோடு சட்டத்துக்குச் சமாதானம் ஆயிற்று. சுதந்திரத்தின்போது 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று 520-க்கு மேல் நிற்கின்றன. அவற்றுள் பல இன்றும் பகுதி உதவி பெறும் பள்ளிகள். ஆசிரியர் சம்பளம் அரசாங்கத்தினுடையது. நிலமோ தோட்டத்தினுடையதாக, கோயிலினுடையதாக, வாரியத்தினுடையதாக இருக்கும். தோட்டம் கைமாறினால் கூரைக்கு யார் பொறுப்பு? 'நீ, நான்' என்று கடிதங்கள் போய்க்கொண்டிருக்கும். மழை மட்டும் யாருடைய பதிலுக்கும் காத்திருக்காது.

அரசாங்கம் கொடுக்கவே இல்லை என்று சொல்ல மாட்டேன். 2012-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் தமிழ்ப்பள்ளிகளின் கட்டட மேம்பாட்டுக்கு 10 கோடி வெள்ளி ஒதுக்கினார்கள். சிலாங்கூர் மாநில அரசும் 2008-க்குப் பிறகு ஆண்டுதோறும் தமிழ்ப்பள்ளிகளுக்கு ஒதுக்கி வருகிறது. புதிய கட்டடங்கள் எழுந்திருக்கின்றன. நன்றியோடு சொல்ல வேண்டும். ஆனால் கட்டடம் கட்டுவது கல்யாணம் மாதிரி. மாலை, மேளம், படம் எல்லாம் உண்டு. பராமரிப்பது குடும்பம் நடத்துவது மாதிரி. அதற்கு யாரும் நாடா வெட்ட வருவதில்லை.

இந்த இடத்தில் என் குற்றம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் என் மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரு மூலையில் ஒழுகியது. நான் ஒரு வாளியைக் கொண்டுவந்து வைத்தேன். கடிதம் இரண்டு எழுதினேன். பதில் வரும் என்று இருந்துவிட்டேன். இரண்டு மழைக்காலம் அந்த வாளி அங்கேயே இருந்தது. நிறைந்தால் கொட்டுவதற்கு மாணவர்களுக்கு முறை போட்டேன். அதை ஒழுங்கு என்றும் நினைத்துக்கொண்டேன். ஒரு திங்கட்கிழமை காலை, பிள்ளைகள் சபைகூடலில் நின்றபோது, மேல்தட்டி ஒன்று பிய்ந்து விழுந்தது. விழுந்த இடம் இரண்டாம் வரிசையில் ஒரு மேசை. பத்து நிமிடம் கழித்து விழுந்திருந்தால்? அந்த நினைப்பே இன்றும் என் தூக்கத்தைக் கெடுக்கும். அந்த மேசையில் உட்காரும் சிறுமி மட்டும் அழவில்லை. "சார், நான் இனிமே எங்க உக்காரணும்?" என்று கேட்டாள்.

தச்சர் வந்து கூரையைப் பிரித்தார். பக்கத்து அங்சானா மரத்தின் இலை விழுந்து விழுந்து கூரைப் பீலி அடைத்துப் போயிருந்தது. வழிய இடமில்லாத தண்ணீர் தகரத்துக்கு அடியில் திரும்பி, கைமரத்துக்குள் இறங்கியிருந்தது. ஈர மரத்துக்குக் கரையான் வந்தது. கரையான் தின்ற மரம் மேல்தட்டியை விட்டுவிட்டது. "வருசத்துக்கு ரெண்டு தடவ இலைய அள்ளிப் போட்டிருந்தா இது நடந்திருக்காது சார்" என்றார் தச்சர். இலை அள்ள 80 வெள்ளி. நாங்கள் கொடுத்தது 9,600 வெள்ளி. அதைத் திரட்ட ஒரு விருந்து, ஒரு நன்கொடைப் பட்டியல், மூன்று மாத அலைச்சல். அந்த மூன்று மாதமும் என் வகுப்பு சிற்றுண்டிச் சாலையில் நடந்தது.

'இன்னும் பதில் வரவில்லை' என்ற வார்த்தை எனக்குப் பெரிய வசதியாக இருந்தது. கேட்பது நம் உரிமை. கேட்டுவிட்டுச் சும்மா இருப்பது உரிமை ஆகாது.

அதனால்தான் 2 வெள்ளிக் கணக்கு வந்தது. எங்கள் பள்ளியில் 84 குடும்பங்கள். எல்லாரும் கொடுத்தால் ஆண்டுக்கு 2,016 வெள்ளி. புதுக் கட்டடம் கட்ட இது காணாது. ஆனால் பீலி சுத்தம் செய்ய, கரையான் மருந்து அடிக்க, மின்விசிறிக் கம்பிகளைச் சோதிக்க, கழிவறைக் குழாயை மாற்ற இது போதும்.

'சில்லறைக் காசு என்ன செய்யும்?' என்று கேட்பவர்களுக்கு ஒரு நினைவூட்டல். 1960-இல் தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டு நம் மக்கள் தெருவுக்கு வந்தபோது, துன் வீ. தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போய்த் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு ஆள் சேர்த்தார். 100 வெள்ளிப் பங்கை மாதம் 10 வெள்ளியாகக் கட்டினார்கள் பால்மரம் வெட்டியவர்கள். மறு ஆண்டே கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை வாங்கினார்கள். அன்று 10 வெள்ளி என்பது சின்னத் தொகையல்ல. மாதம் தவறாமல் கட்டினார்கள். அதனால் தோட்டமே கைக்கு வந்தது.

எங்கள் கூட்டத்தில் சில நிபந்தனைகளோடு கணக்கை ஏற்றுக்கொண்டோம். முதலாவது, கட்டாயம் இல்லை. பெற்றோர் ஆசிரியர் சங்கப் பணத்தைக் கட்டாயப்படுத்தி வாங்கக் கூடாது என்பது அரசாங்க விதி. அது நல்ல விதி. கொடுக்காதவர் பெயரைப் படிப்பதோ, பிள்ளையிடம் கேட்பதோ கூடாது. இரண்டாவது, வந்ததும் போனதும் மாதந்தோறும் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். மூன்றாவது, பெரிய பழுதுக்கு இதில் கை வைக்கக் கூடாது. அதைப் படம் எடுத்து, தேதி போட்டு, அரசாங்கத்துக்கு எழுதிக்கொண்டே இருக்க வேண்டும். நான்காவது, இந்த ஏற்பாடு ஓராண்டோடு முடிந்துவிடும். அடுத்த பொதுக்கூட்டத்தில் கையைத் தூக்கிப் புதுப்பித்தால்தான் உயிர். அந்த வாஷிங்டன் வழக்கத்திலிருந்து நான் எடுத்துக்கொண்டது இதைத்தான்.

ஓராண்டில் 61 குடும்பங்கள் கொடுத்தன. ஒன்பது குடும்பங்கள் உழைப்பாகக் கொடுத்தன. தமிழ்நாட்டில் காமராசர் ஆட்சியில், நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958-இல் கடம்பத்தூரில் தொடங்கிப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. பணம் இல்லாத கிராமத்தார் பலகை கொடுத்தார்கள், நாற்காலி கொடுத்தார்கள், சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். எங்கள் பள்ளியிலும் அப்படி ஒருவர் வந்தார். தோட்டத்தில் வேலை செய்து ஓய்ந்த தாத்தா. இரண்டு பேரப்பிள்ளைகள் எங்களிடம் படிக்கிறார்கள். "காசு இல்ல வாத்தியாரே, கை இருக்கு" என்று சொல்லி, நீண்ட கம்பில் தகரத்தைக் கட்டி, தரையில் நின்றபடியே பீலி இலையை இழுத்துப் போட்டார். பலகையில் அவர் பெயருக்கு நேரே 'உழைப்பு' என்று எழுதினோம். அதைப் படிக்கச் சொல்லி இரண்டு முறை கேட்டார்.

சரி, கேள்வி கேட்ட அந்தத் தாய்? அவர் அன்று கையைத் தூக்கவில்லை. இதுவரை பணமும் கொடுக்கவில்லை. ஆனால் மாதந்தோறும் பிள்ளையை அழைத்துப் போக வரும்போது பலகையின் முன் நின்று ஒவ்வொரு வரியாகப் படிக்கிறார். ஆறாவது மாதம் கூட்டலில் 15 வெள்ளி இடிக்கிறது என்று கண்டுபிடித்தார். கணக்கு எழுதியவன் நான்தான்! வெட்கமாக இருந்தாலும் மறுநாளே திருத்தி ஒட்டினேன். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை. கணக்குக் காட்டாமல் நம்மிடம் வாங்கியவர்கள் அதிகம். அந்தச் சூடு கண்டவர் அப்படித்தான் இருப்பார். வருகிற பொதுக்கூட்டத்தில் அவரையே கணக்காய்வாளராகப் போடலாம் என்று முன்மொழியப் போகிறேன்.

அந்தக் கூட்டத்தில் புதுப்பிப்பார்களா, மாட்டார்களா என்பது எனக்குத் தெரியாது. 'வேண்டாம்' என்று கை தூக்கினால் அதுவும் அவர்கள் உரிமை. ஆனால் பலகையைப் படித்துவிட்டுத் தூக்கட்டும்.

கேரித் தீவிலோ, பந்திங்கிலோ, கோல சிலாங்கூரிலோ இருந்து இதைப் படிக்கும் பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பிள்ளையை அழைத்துவரப் போகும்போது ஐந்து நிமிடம் முன்னதாகப் போங்கள். வகுப்பறைக்கு வெளியே நின்று கூரைப் பீலியை நிமிர்ந்து பாருங்கள். அதில் செடி முளைத்திருந்தால், தலைமையாசிரியரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். "எப்ப சுத்தம் செய்யலாம், நான் வரட்டுமா?" என்று மட்டும் கேளுங்கள்.

வாளி வைத்துவிட்டுச் சும்மா இருந்தவன் சொல்கிறேன்.